இரயில்வேச் சொற்களும் பயணியின் உரிமையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



‘இரயில்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் முதலில் இருப்புக் கம்பியைக் குறித்தது. அதன்மேல் ஓடும் வண்டியை அவர்கள் ‘டிரெயின்’ என்றனர். தமிழிலோ கம்பியின் பெயர் வண்டிக்கே ஆகிவிட்டது. இடத்தின் பெயர் அவ்விடத்தில் இயங்கும் பொருளுக்கு ஆகி வந்தமையால் இதனை இடவாகுபெயர் எனல் பொருந்தும். ‘பாசஞ்சர்’ என்பது இதற்கு நேர்மாறானது. அது பயணம் செய்யும் ஆளின் பெயர். அவ்வாளைத் தாங்கிச் செல்லும் வண்டிக்கு ஆயிற்று. ‘பாலை இறக்கு’ என்னும்போது பால் என்பது பாத்திரத்தை உணர்த்துவது போன்ற தானியாகுபெயர் இது. ‘விழுப்புரம் பாசஞ்சர் போய்விட்டதா?’ என்று நடைமேடையில் கேட்பவர் நன்னூல் பயின்றவராக இருக்க வேண்டுவதில்லை. மொழியின் உள்ளியல்பு அவர் வாயிலாகத் தானே தொழிற்படுகின்றது.

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டி ஓடியது. அன்று தொட்டு இந்தச் சொல்லுலகம் தமிழுக்குள் வந்துகொண்டே இருக்கின்றது. ஆயினும் கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் புகைவண்டியா, தொடர்வண்டியா என்ற வழக்கோடு நின்றுவிடுகின்றன. நீராவி எஞ்சின்கள் அன்றாடப் பணியிலிருந்து நீங்கிப் பல ஆண்டுகள் ஆயினும் இலங்கைத் தமிழர் ‘புகையிரதம்’ என்றே வழங்குகின்றனர். அதனால் எவருக்கும் இடரில்லை. ‘ரயில்’ என்று எழுதுவதா, ரகரம் மொழிமுதல் வாராமையின் ‘இரயில்’ என்று எழுதுவதா என்பதும் அத்தகையதே. வண்டியை எப்பெயரால் அழைத்தாலும் அது குறித்த இடத்திற்குச் சென்று சேரும்.

சில சொற்கள் அவ்வாறல்ல. இந்திய இரயில்வே போன்ற பெரும் நிறுவனத்தில் சொற்கள் மூன்று நிலைகளில் நிற்கின்றன. சில பொருளைச் சுட்டும் பெயர்கள். சில ஒருவர் மற்றொருவர்க்கு இடும் ஆணைகள். வேறு சில பயணிக்கு உள்ள உரிமையையோ அவர் செலுத்த வேண்டிய கட்டணத்தையோ வரையறுப்பவை. இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து மொழிபெயர்க்க முற்படுவதே இத்துறைச் சொல்லாக்கத்தின் குறை.

பெயர்களைப் பொறுத்தவரை தமிழ் மக்கள் எந்த அறிஞர் குழுவுக்காகவும் காத்திருக்கவில்லை. பழைய சிக்னல் கம்பத்தின் உச்சியில் நீண்ட பலகை ஒன்று இருக்கும். அது கிடையாக நீட்டி நின்றால் வண்டி நிற்க வேண்டும். கீழே சாய்ந்தால் செல்லலாம். அதனைக் கண்ட மக்கள் ‘கைகாட்டி’ என்றனர். ‘கைகாட்டி மரம்’ என்றும் கூறினர். எந்த அகராதிக் குழுவும் இதனினும் சிறந்த சொல்லை ஆக்கியிருக்க இயலாது. வண்டி கம்பியை விட்டு விலகுவதைத் ‘தடம் புரளுதல்’ என்றனர். அது வாழ்க்கைக்கும் ஆட்சிக்கும்கூட உவமையாயிற்று. ‘வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும்’ என்னும் வழக்கு, இருப்புப்பாதை தமிழரின் பழமொழிக்குள்ளும் புகுந்துவிட்டதைக் காட்டும். ‘ஜங்ஷன்’ என்பதற்குச் ‘சந்திப்பு’ என்று ஆக்கியதும் நல்ல ஆக்கமே. விழுப்புரம் சந்திப்பு என்று பெயர்ப்பலகையில் படிக்கும்போது மொழிபெயர்ப்பு என்ற எண்ணமே எழுவதில்லை.

சில இடங்களில் அறிவின்றி மொழிபெயர்த்தால் நகைப்பே விளையும். இருப்புப்பாதையைத் தினமும் நடந்து பார்வையிடும் தொழிலாளிக்குக் ‘கீமேன்’ என்று பெயர். இதனைச் ‘சாவிக்காரர்’ என்று ஆக்கினால் பூட்டு எங்கே என்ற கேள்வி எழும். இங்கே ‘கீ’ என்பது கம்பியைக் கட்டையோடு இறுக்கும் ஆப்பு. அந்த ஆப்புகள் தளர்ந்துள்ளனவா என்று பார்ப்பதே அவருடைய கடமை. ‘ஸ்லீப்பர்’ என்ற சொல்லோ இரட்டை வேடம் பூணுவது. கம்பியின் அடியில் குறுக்கே கிடப்பதும் அது. இரவில் பயணி படுத்துறங்கும் பெட்டியும் அது. மக்கள் முன்னதைச் ‘சிலிப்பர் கட்டை’ என்று உடன் ஒரு தமிழ்ச்சொல் சேர்த்துப் பிரித்துக்கொண்டனர்.

இனி ஆணைச்சொற்கள். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைப் பகுதியைப் ‘பிளாக் செக்ஷன்’ என்பர். முழுமையான பிளாக் முறையில் ஒரு பாதையின் ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம் என்பது அடிப்படை விதி. அப்பகுதிக்குள் வண்டியை அனுப்பும் முன் ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்து அதிகாரியிடம் இசைவு கேட்க வேண்டும். அவ்விசைவே ‘லைன் கிளியர்’. முன்சென்ற வண்டி முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது என்பதை உறுதிசெய்தால் மட்டும் போதாது. தம் நிலையத்தின் முதல் நிறுத்தக் கைகாட்டிக்கு அப்பாலும் குறிப்பிட்ட தொலைவுக்குப் பாதை வெறுமையாக இருந்தால்தான் அடுத்த நிலையத்தார் அச்சொல்லைக் கூறலாம். பழைய சாய்கைகாட்டி முறையில் அத்தொலைவு 400 மீட்டர். பல்வண்ண விளக்கு முறையில் 180 மீட்டர். வண்டி தவறி நில்லாமல் கடந்துவிட்டாலும் உயிர்ச்சேதம் நேராதிருக்க வைத்த இடைவெளி அது.

ஒற்றைப் பாதைகளில் பல்லாண்டுகள் இந்த இசைவு கையில் பிடிக்கும் பொருளாகவே இருந்தது. இரு நிலையங்களிலும் உள்ள பொறிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றிலிருந்து ஓர் இரும்புப் பந்து மட்டுமே வெளிவரும். அதனைத் தோற்பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியின் ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். அதன் பெயர் ‘டோக்கன்’. அது கையில் இல்லாமல் வண்டி அடுத்த பகுதிக்குள் நுழைதல் கூடாது. சொல் பொருளாகி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய அரிய காட்சி அது.

பொருளாகக் கொடுக்க இயலாத இடத்தில் எண்ணாகக் கொடுக்கும் முறையும் உண்டு. அதற்குப் ‘பிரைவேட் நம்பர்’ என்று பெயர். முன்பே அச்சிட்ட தாளிலிருந்து ஈரிலக்க எண் ஒன்றைத் தொலைபேசியில் கூறினால், இட்ட பணி முடிந்தது என்று பொருள். இன்டர்லாக்கிங் இல்லாத கடவுகளில் காவலர் அந்த எண்ணைச் சொன்னால், கதவை அடைத்துவிட்டார் என்பது கருத்து. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது இரயில் மோதியதில் மாணவர் மூவர் உயிரிழந்தனர். அக்கடவு அத்தகைய பிணைப்பு இல்லாததே. கதவு மூடாமல் சிக்னல் விழாது என்ற பொறியமைப்பு அங்கில்லை. நிலையத்தையும் கதவையும் இணைத்தது தொலைபேசி வழிச் சொல் ஒன்றே. மனிதர் சொல்லை இரும்போடும் மின்சுற்றோடும் பூட்டிவைப்பதே இன்டர்லாக்கிங் ஆகும்.

இவ்வாணைச் சொற்களைத் தமிழாக்க வேண்டுமா? வேண்டா என்பதே தக்க விடை. தமிழ்ப்பற்றுக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஜோலார்ப்பேட்டை அதிகாரியின் வண்டி சில மணி நேரத்தில் கன்னடம் பேசும் நிலையத்திலோ தெலுங்கு பேசும் நிலையத்திலோ நிற்கும். அங்கே ‘லைன் கிளியர்’ என்னும் சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருத்தல் வேண்டும். தொல்காப்பியர் சொற்களை வகுக்கையில் திசைச்சொல்லுக்கும் இடம் வைத்தார். இவற்றைத் திசைச்சொற்களாகக் கொள்வதில் தமிழுக்கு இழுக்கில்லை.

ஆனால் ஆணைச்சொல் ஒன்று. அதைச் சூழ்ந்த பேச்சு மற்றொன்று. 2019 மே மாதத்தில் மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிராக அனுமதிக்கப்பட்டன. நல்வாய்ப்பாக மோதல் நேரவில்லை. பணியாளர் ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியாமையும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அடுத்த மாதமே தெற்கு இரயில்வேயிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: கட்டுப்பாட்டு அறையினரும் நிலைய அதிகாரிகளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேசிக்கொள்ள வேண்டும், வட்டார மொழியைத் தவிர்க்க வேண்டும் என்று. தமிழகத்தில் கடும் எதிர்ப்பு எழவே அது விரைவில் திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்ச்சியை மொழிப்போராட்டக் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது போதாது. சுற்றறிக்கை நோயைத் தவறாகக் கணித்தது என்பதே கவனிக்கத்தக்கது. தமிழ் பேசியதால் இடர் வரவில்லை. இருவர்க்கும் பொதுவான மொழி ஒன்று இல்லாததால் வந்தது. இருவரும் தமிழரே எனில், ‘லைன் கிளியர்’ என்ற திசைச்சொல்லை நடுவில் வைத்துத் தமிழில் பேசுவதே பாதுகாப்பானது. பதற்றம் மிகுந்த நேரத்தில் மனிதர் தாய்மொழியிலேயே பிழையின்றிக் கேட்பர். வெளிமாநிலத்திலிருந்து வந்து பணியாற்றுபவர் நிலையத்தின் மொழியைக் கற்றல் மரியாதைக்காக மட்டும் அன்று; கதவுக்காவலரும் பாதைத் தொழிலாளியும் அம்மொழியில்தான் அவரிடம் பேசுவர்.

‘லூப் லைன்’ என்ற சொல்லும் இங்கே நினைக்கத்தக்கது. ஒரு வண்டியை ஒதுக்கி நிறுத்தி மற்றொன்றுக்கு வழிவிட, நிலையத்தில் முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து மீண்டும் அதனோடு சேரும் பாதை அது. ‘கிராசிங்குக்காக நிற்கிறது’ என்று பயணிகள் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இப்பாதையில்தான். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு முதன்மைப் பாதைக்குரிய பச்சை விளக்கு எரிந்தது. வண்டியோ லூப் பாதைக்குள் திரும்பி, அங்கு நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 அக்டோபர் 11 அன்று திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையிலும் பாக்மதி விரைவு வண்டி லூப் பாதையில் நின்ற சரக்கு வண்டியில் மோதியது. அங்கே உயிரிழப்பு இல்லை. இச்சொல் தமிழ் வீடுகளுக்குள் செய்தித்தாள் வழியே, சாவுச் செய்தியோடு வந்து சேர்ந்தது.

மூன்றாம் வகைக்கு வருவோம். பயணியின் கைப்பணத்தையும் உரிமையையும் தொடும் சொற்கள் இவை. விந்தை யாதெனில், பயணியின் உரிமையைத் தொடாதவற்றுக்கெல்லாம் அழகிய தமிழ் உண்டு: நடைமேடை, காத்திருப்புக் கூடம், குடிநீர், ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்கும் இனிய பெண்குரல். பயணம் வாய்க்குமா என்பதைத் தீர்மானிக்கும் சொற்களோ சீட்டில் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களாகவே நிற்கின்றன.

கண் மருத்துவத்துக்காக மதுரைக்குச் செல்ல வேண்டிய முதியவர் ஒருவரைக் கருதலாம். அவர் கையில் ‘டபிள்யூ.எல். 2’ என்ற சீட்டு இருக்கின்றது. அண்டை வீட்டார் கையில் ‘ஆர்.ஏ.சி. 40’. இரண்டு சிறிய எண். நாற்பது பெரிய எண். தாமே முந்தியவர் என்று அம்முதியவர் எண்ணுவது இயல்பே. உண்மை அதற்கு மாறானது. ஆர்.ஏ.சி. நாற்பது உடையவர் முன்பதிவுப் பெட்டியில் ஏறலாம். உட்கார இடம் உண்டு. பெரும்பாலும் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்துகொள்வர். எவரேனும் பயணத்தைக் கைவிட்டால் முழுப் படுக்கையும் கிடைக்கும். டபிள்யூ.எல். இரண்டு உடையவர், இறுதிப் பட்டியல் ஆயத்தமான பின்னும் அந்நிலையிலேயே இருப்பாராயின் முன்பதிவுப் பெட்டியில் ஏற உரிமையற்றவர். இணையவழிச் சீட்டாயின் அது தானே இரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அதை அறியாமல் பெட்டியுடன் நிலையத்துக்கு வந்து நிற்பவர்களை எந்த மாலையிலும் எழும்பூரில் காணலாம்.

‘ரிசர்வேஷன் அகெயின்ஸ்ட் கேன்சலேஷன்’ என்னும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘இரத்துக்கு எதிரான முன்பதிவு’ என்றால் மேலும் குழப்பமே மிஞ்சும். இரத்துச் செய்வதை எதிர்க்கும் ஏதோ ஒரு திட்டம் போல் தோன்றும். பயணிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வண்டியில் ஏறலாம், அமர இடம் உறுதி, படுக்கை உறுதியில்லை. ‘அமர்விட உறுதி’ என்று இரண்டு சொற்களில் சொல்லிவிடலாம். தொடரைப் பெயர்க்காமல் அது தரும் உரிமையைப் பெயர்ப்பதே இங்குச் சரியான முறை.

காத்திருப்போர் பட்டியலிலும் சாதிப் பிரிவு போல உட்பிரிவுகள் உண்டு. வண்டி புறப்படும் நிலையத்துப் பயணிகளைச் சார்ந்தது பொதுப் பட்டியல். இடையே உள்ள சில முக்கிய நிலையங்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்கு ஒரு பட்டியல். சிறு இடைநிலையங்கள் பலவற்றுக்கும் பொதுவாக ஒதுக்கிய சில இடங்களுக்கு மற்றொன்று. பொதுப் பட்டியலில் பத்தாம் எண் கரையேறும் வாய்ப்பு வேறு. தொகுப்புப் பட்டியலில் அதே எண்ணுக்குள்ள வாய்ப்பு வேறு. பின்னது பெரிதும் குறைவு. இவ்வேறுபாட்டைக் காட்டுவன முன்னொட்டாக வரும் ஈரெழுத்துகள் மட்டுமே. பொதுக் காத்திருப்பு, இடைநிலையக் காத்திருப்பு, தொகுப்புக் காத்திருப்பு என்று அச்சிடுவதில் என்ன தடையோ! ‘பி.என்.ஆர்.’ என்பதன் விரிவு பயணி பெயர்ப் பதிவு என்பது. ஆனால் அது பத்து இலக்க எண். பெயர் என்ற சொல்லை வைத்துக்கொண்டே பெயரை நீக்கிவிட்ட நுட்பம் இரயில்வேக்கே உரியது.

சொல் மாறினால் கட்டணம் மாறும் என்பதற்குப் ‘பாசஞ்சர்’ வண்டியே சான்று. 2020 மார்ச்சில் கொரோனா தொற்றின்போது பயணியர் வண்டிகள் நிறுத்தப்பட்டன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது அவற்றுட் பல சிறப்பு வண்டி, முன்பதிவில்லா விரைவு வண்டி என்னும் பெயர்களைப் பூண்டிருந்தன. அதே பாதை, அதே சிற்றூர் நிறுத்தங்கள். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. காய்கறிக் கூடையுடன் இரண்டு நிலையங்கள் கடக்கும் பெண்ணுக்கு ‘விரைவு’ என்ற அந்த ஒரு சொல்லின் விலை 20 ரூபாய். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ‘சூப்பர்ஃபாஸ்ட்’ என்பதும் புகழ்ச்சிச் சொல் அன்று. அகலப்பாதையில் சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரேனும் இருக்குமாறு அட்டவணை வகுக்கப்பட்ட வண்டிக்கு உரிய பெயர் அது. அப்பெயருக்காகப் படுக்கை வகுப்பில் 30 ரூபாய் கூடுதலாகத் தண்டப்படுகின்றது.

இதற்கு நேரெதிராகப் பெயர் மட்டும் மாறிய வரலாறும் உண்டு. காந்தியடிகள் 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் துயரை எழுதினார். 1955இல் பழைய முதல் வகுப்பு நீக்கப்பட்டு, இரண்டாம் வகுப்பு முதல் வகுப்பாயிற்று. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் நீங்கி, அது இரண்டாம் வகுப்பு எனப்பட்டது. இழிவு தொனிக்கும் பெயர் போனது நன்றே. நெரிசல் பெயரோடு போய்விடவில்லை.

தமிழில் கிடைக்கும் சொல்லும் சில வேளை வழிதவறச் செய்யும். ‘இணை ரயில் தாமதமாக வருவதால் இவ்வண்டி தாமதமாகப் புறப்படும்’ என்னும் அறிவிப்பைக் கேட்டவர், வேறொரு வண்டியிலிருந்து இறங்கி இதில் ஏறும் பயணிகளுக்காக நிறுத்திவைக்கின்றனர் என்று பொருள்கொள்வர். உண்மை வேறு. ஊர் சேர்ந்த ஒரு வண்டியின் பெட்டித்தொகுதியே, தூய்மை செய்யப்பட்டு வேறு எண்ணுடன் மறு பயணம் புறப்படுகின்றது. தொழில்வழக்கில் அத்தொகுதிக்கு ‘ரேக்’ என்று பெயர். அது வந்து சேரவில்லை. ஆகவே இவ்வண்டி இன்னும் நிலையத்திலேயே இல்லை. ‘இதற்குரிய பெட்டிகள் இன்னும் வந்து சேரவில்லை’ என்று சொன்னால், காத்திருப்பவர் உணவருந்திவிட்டு வரலாம்.

இறுதியாகத் ‘தட்கல்’. 1997இல் அறிமுகமான இத்திட்டத்தில் பயணத்துக்கு முந்தைய நாள் கூடுதல் கட்டணம் செலுத்தி இடம் பெறலாம். ‘தத்காலம்’ என்னும் வடசொல் முன்னொரு காலத்தில் தமிழுக்குள் வந்து, தமிழ் ஒலிமரபுக்கு இயைந்து ‘தற்காலம்’ ஆயிற்று. ‘தற்காலிகம்’ என்றும் கிளைத்தது. அதே சொல் இந்தி வழியாக, ஆங்கில எழுத்துகளில், இரயில் ஏறி வந்தபோது தமிழர் அதனை அடையாளம் காணாமல் ‘தட்கல்’ என்றனர். முதல் வருகையில் மொழி சொல்லை மாற்றியது. இரண்டாம் வருகையில் சொல் அப்படியே தங்கிவிட்டது. ‘உடனடி முன்பதிவு’ என்று சொல்லலாம். எனினும் தட்கல் வேரூன்றிவிட்டது, அதனைப் பிடுங்க வேண்டுவதில்லை. உறுதியான தட்கல் சீட்டை இரத்துச் செய்தால் பணம் திரும்பாது என்ற விதிதான் சீட்டின் மேல் தமிழில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வரி போதும். சீட்டில் இடமும் இருக்கின்றது.